அழைத்த நேரத்தில் இருத்தல்: முதலீட்டு வங்கியாளர் ஏறும் ஏணியும் அது கேட்கும் விலையும்

நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டிலும் லண்டனின் சிட்டி வட்டாரத்திலும் இயங்கும் முதலீட்டு வங்கிகள், மக்களிடம் வைப்புத்தொகை பெற்று வட்டிக்குக் கடன் கொடுக்கும் வழக்கமான வங்கிகளிலிருந்து வேறுபட்டவை. ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்க முற்படும்போது அதன் மதிப்பு என்ன, யாரிடம் எப்படிப் பேசுவது என்று ஆலோசனை கூறுவதும், பங்குகளையோ கடன் பத்திரங்களையோ வெளியிட்டுப் பணம் திரட்ட விரும்பும் நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் அவற்றை வாங்குவோரைத் தேடித் தருவதும் இவற்றின் தொழில். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் இவ்விரு தொழில்களையும் பிரித்து நிறுத்தியதால், ஜே.பி. மார்கன் வைப்பு வங்கியாகத் தொடர, அதிலிருந்து வெளியேறிய சிலர் 1935இல் மார்கன் ஸ்டான்லியைத் தொடங்கினார்கள். அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 1999இல் நீக்கப்பட்ட பின் இரண்டும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வர வழி பிறந்தது. சட்டம் எப்படி மாறினாலும், ஆலோசனைத் தொழிலின் வருமானம் பெரும்பாலும் பேரம் முடிந்தால் மட்டுமே கிடைக்கும் வெற்றிக் கட்டணமாக இருப்பது மாறவில்லை. நூறு கோடி டாலர் பேரம் ஒன்றில் கட்டணம் ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அது ஒரு கோடி டாலர். பேரம் முறிந்தாலோ மாதக்கணக்கில் நடந்த வேலைக்குக் கிடைப்பது சொற்பம்.

இந்தக் கட்டண முறையிலிருந்துதான் தொழிலின் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. பெரிய வங்கிகள் தரும் ஆலோசனைக்கிடையே வாடிக்கையாளர் காணும் வேறுபாடு குறைவு. எல்லாரும் ஒரே பல்கலைக்கழகங்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள், ஒரே மதிப்பீட்டு முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, அழைத்தவுடன் யார் வருகிறார்கள், நேற்று மாலை கேட்டதை இன்று காலைக்குள் யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதே ஒரு வங்கியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகிறது. அந்த அடையாளத்தைக் காக்கும் பொறுப்பு, வாடிக்கையாளரை நேரில் பார்க்காத, பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞர்களின் தலையில் விழுகிறது. அவர்கள் உழைப்போடு சேர்த்துத் தம் நேரத்தின் மீதான அதிகாரத்தையும் விற்கிறார்கள்; ஊதியத்தின் பெரும்பகுதி இரண்டாவதற்கான விலை என்று கொள்வதே பொருத்தம். இத்தொழில் தனிவாழ்வில் ஏற்படுத்தும் இழப்புகளை மணிக்கணக்கால் மட்டும் அளக்க முற்படும் பேச்சுகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

இன்று இருக்கும் நுழைவாயில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தை 1930 முதல் 1969இல் இறக்கும்வரை வழிநடத்திய சிட்னி வைன்பெர்க், உயர்நிலைப் பள்ளிப் படிப்பு இல்லாமல், 1907இல் அதே நிறுவனத்தில் துப்புரவுப் பணியாளரின் உதவியாளராகச் சேர்ந்தவர். 1928இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவை அடைந்த யூதக் குடும்பத்துப் பிள்ளையான ஃபீலிக்ஸ் ரோஹாட்டின், 1949இல் லசார்ட் நிறுவனத்தில் நுழைந்து பேரங்களின் நுட்பத்தைக் கற்று, 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தபோது அதை மீட்கும் ஏற்பாடுகளுக்கு முன்னின்றார். அக்காலத்து நிறுவனங்கள் பலவும் கூட்டாளிகளின் சொந்தப் பணத்தில் நடந்த கூட்டாண்மைகள் என்பதால், ஒருவரை உயர்த்துவது என்பது தம் சொத்தை அவர் கையில் ஒப்படைப்பதாகவே இருந்தது. ஒருவரைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்து வளர்ப்பதற்கு அதுவே காரணமாயிற்று. கோல்ட்மன் சாக்ஸ் 1999இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பெரிய நிறுவனங்களில் அம்முறை ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

இன்றைய நுழைவாயில் குறுகலானது. அதன் குறுகலைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மானிடவியலாளர் கேரன் ஹோ, 1990களின் நடுவில் தாமே ஒரு வால் ஸ்ட்ரீட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே ஆட்குறைப்புக்கும் உள்ளாகி, அந்த அனுபவத்தையும் பின்னர் எடுத்த நேர்காணல்களையும் வைத்து 2009இல் வெளியிட்ட ‘லிக்விடேட்டட்’ என்ற நூலில், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற சில பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் ‘நீங்களே மிகச் சிறந்தவர்கள், மிகச் சிறந்தவர்கள் இங்கேதான் வருவார்கள்’ என்ற எண்ணத்தை வங்கிகள் எப்படி விதைக்கின்றன என்று காட்டினார். சமூகவியலாளர் லாரன் ரிவெரா 2015இல் எழுதிய ‘பெடிகிரி’ என்ற நூல், நேர்காணல் செய்பவர்கள் தம்மைப் போன்ற விளையாட்டுகளும் பொழுதுபோக்குகளும் பயணங்களும் உள்ளவர்களையே ‘பொருந்துகிறவர்’ என்று தேர்ந்தெடுப்பதை விளக்குகிறது. பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016இல் வெளியிட்ட அறிக்கையோ, லண்டன் வங்கிகளில் கோட்டுடன் பழுப்பு நிறக் காலணி அணிந்து வந்தது போன்ற சிறு காரணங்களுக்காகவும் திறமையான விண்ணப்பதாரர்கள் தள்ளப்படுவதைப் பதிவு செய்தது. இவ்வளவு வடிகட்டலைத் தாண்டி உள்ளே வருகிறவர், தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பெருமிதத்தோடே வருகிறார். பின்னர் அவரிடமிருந்து எது கேட்கப்பட்டாலும் மறுக்க முடியாமல் போவதில் அந்தப் பெருமிதத்துக்கும் பங்குண்டு.

ஏணியின் முதல் படி அனலிஸ்ட் எனப்படுகிறது; பட்டம் முடித்தவுடன் வருபவர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் அதில் இருப்பார்கள். அடுத்தது அசோசியேட், அனலிஸ்டாக இருந்து உயர்ந்தவர்களும் மேலாண்மைப் பட்டம் பெற்று நேரடியாக வருபவர்களும் அங்கே சந்திக்கிறார்கள். அதன்பின் வைஸ் பிரசிடெண்ட், பிறகு டைரக்டர் என்றோ எக்ஸிகியூட்டிவ் டைரக்டர் என்றோ வழங்கும் படி, இறுதியில் மேனேஜிங் டைரக்டர். ஒவ்வொரு படியிலும் மூன்று ஆண்டுகளை ஒட்டிச் செலவிட்டு, எங்கும் தடுமாறாமல் ஏறினால், 22 வயதில் நுழைந்தவர் 35 வயதைச் சுற்றி உச்சியைத் தொடலாம். ஆனால் உரிய காலத்தில் உயராதவர் வெளியேற வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருப்பதால், ஒன்றாக நுழைந்த ஒரு குழுவில் அங்கே சென்றுசேர்பவர்கள் மிகச் சிலரே.

அனலிஸ்டின் வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் இரவுகள் ஏன் நீள்கின்றன என்பது புரியும். வாடிக்கையாளரின் மனத்தை ஈர்ப்பதற்காகத் தயாரிக்கப்படும் விளக்கப் புத்தகமான பிட்ச் புக்கில், அந்தத் துறையின் நிலை, ஒத்த நிறுவனங்களின் விலை, வாங்கக்கூடியவர்களின் பட்டியல் என்று பல பத்துப் பக்கங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பான்மையை வாடிக்கையாளர் புரட்டிப் பார்க்காமல் போவதும் உண்டு. நிறுவனத்தின் எதிர்கால வருவாயைக் கணித்து, அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் நிதி மாதிரியை எக்செல் தாளில் கட்டுவது இரண்டாவது வேலை. வாங்கப்படும் நிறுவனத்தின் கணக்கு, ஒப்பந்தம், வழக்கு எல்லாவற்றையும் சரிபார்க்கும் டியூ டிலிஜென்ஸ் மூன்றாவது. பகல் முழுவதும் மூத்தவர்கள் வாடிக்கையாளர் சந்திப்புகளிலும் விமானங்களிலும் இருப்பதால், கீழே உள்ளவர்கள் தயாரித்ததை அவர்கள் பார்க்கத் தொடங்குவதே மாலையில்தான். அவர்கள் குறித்தனுப்பும் திருத்தங்கள் இரவு எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ வந்துசேர, அனலிஸ்டின் உண்மையான வேலைநாள் அப்போது தொடங்குகிறது. மேனேஜிங் டைரக்டர் ஒரு பக்கம் கேட்டால், குறைவாகக் கொடுத்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் வைஸ் பிரசிடெண்ட் மூன்று பக்கமாகக் கேட்க, அசோசியேட் அதற்குத் துணையாக இன்னும் மூன்றைச் சேர்க்கிறார். இப்படி ஒவ்வொரு படியிலும் பெருகும் வேலை கடைசிப் படியில் வந்து குவிகிறது. எந்த வேலை யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க ஸ்டாஃபர் என்றொரு பொறுப்பாளர் இருந்தாலும், ஏற்கனவே நான்கு பேரங்களில் மாட்டிக்கொண்டிருப்பவர் ஐந்தாவதை மறுப்பது நடைமுறையில் அரிது, ஏனெனில் ஆண்டிறுதி போனஸை நிர்ணயிக்கும் மதிப்பீடுகளை எழுதப்போகிறவர்கள் அந்த வேலையைக் கேட்டவர்களே.

2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய அமெரிக்க வங்கியில் கோடைக்காலப் பயிற்சியில் இருந்த 21 வயது ஜெர்மானிய மாணவர் தம் தங்குமிடத்தில் இறந்து கிடந்தபோது, இந்த உலகம் வெளியுலகின் பார்வைக்குப் பரவலாக வந்தது. மரண விசாரணை அதை வலிப்பு நோயால் நேர்ந்த இறப்பு என்று முடிவு செய்தது. களைப்பு அந்த வலிப்பைத் தூண்டியிருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்று விசாரணை அதிகாரி கூறினார். அதன் பின்னர் வங்கிகள் விதிகளை எழுதத் தொடங்கின. கோல்ட்மன் சாக்ஸ் வெள்ளிக்கிழமை இரவு 9 மணி முதல் ஞாயிறு காலை 9 மணிவரை இளநிலை ஊழியர்கள் அலுவலகம் வரக் கூடாது என்றது. 2015இல் கோடைப் பயிற்சியாளர்கள் நள்ளிரவு முதல் காலை 7 மணிவரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்றது. இவ்விதிகள் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 2021இல் அதே நிறுவனத்தின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தம்மைப் பற்றித் தாமே நடத்திய ஒரு சிறு கணிப்பு வெளியே கசிந்தபோது, அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரம் வேலை செய்வதாகவும் நாளுக்கு ஐந்து மணி நேரமே உறங்குவதாகவும், வேலையில் சேருமுன் பத்துக்கு 8.8 என்றிருந்த மனநலம் 2.8ஆகச் சரிந்துவிட்டதாகவும் கூறியிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் நாளொன்றுக்குப் பதின்மூன்றரை மணி நேரம் என்பதே 95 மணி நேரத்தின் பொருள். தமக்கு 80 மணி நேர வரம்பு வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட சலுகை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வாரம் 80 மணி நேர வேலையைச் சலுகையாகக் கேட்கும் நிலை வேதனைக்குரியது.

கோல்ட்மன் சாக்ஸ் அந்த வார இறுதி விதியை மேலும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதாகக் கூறியது. அதே ஆண்டில் முதலாண்டு அனலிஸ்டின் அடிப்படை ஊதியத்தை 85,000 டாலரிலிருந்து 1,10,000 டாலராக உயர்த்தியது. 2024 மே மாதத்தில் நியூயார்க்கில் வேறொரு பெரிய வங்கியின் இளநிலை ஊழியர் ஒருவர், நீண்ட வேலை வாரங்களுக்குப் பின் இதயத் தமனியில் இரத்தம் உறைந்து இறந்தபோது, விவாதம் மீண்டும் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜே.பி. மார்கன் இளநிலை வங்கியாளர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பை அறிவித்தது, நடந்துகொண்டிருக்கும் பேரங்களுக்கு விலக்குடன். விலக்குப் பெற்ற அந்த வாரங்களே உடலை முறிக்கும் வாரங்கள். பிரிட்டனில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று சட்டமே வரம்பு விதித்திருந்தும், தனிமனிதர் கையெழுத்திட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அச்சட்டம் இடமளிப்பதால், சிட்டி வட்டாரத்தில் அந்தக் கையெழுத்து வேலைக்குச் சேரும் தாள்களோடு தாளாகப் போய்விடுகிறது.

இவ்விதிகள் எல்லாம் வேலை செய்பவரின் மணிகளை எண்ணுகின்றன. வேலையைக் கேட்பவரிடம் எதையும் கேட்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பின் ஒரு திருத்தத்தை அனுப்பும் மூத்தவர், அது காலைக்குள் ஏன் வேண்டும் என்பதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்றும், அந்தப் பதிவுகள் அவருடைய போனஸ் மதிப்பீட்டில் வைக்கப்படும் என்றும் ஒரு விதி வந்தால், பிட்ச் புக்கின் பக்கங்கள் தாமாகக் குறையும் என்று எதிர்பார்க்கலாம். அனலிஸ்டே தம் மணிகளைக் குறைத்துப் பதிவு செய்யும் இன்றைய நிலையில், 80 என்ற எண்ணுக்கு ஒரு தாளின் மதிப்புதான் உண்டு.

உடலுக்கு நேர்வதை ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா மிஷெல் அளவுக்குப் பொறுமையாகக் கண்டறிந்தவர்கள் மிகச் சிலரே. முன்னர் வால் ஸ்ட்ரீட்டில் பணியாற்றிய இவர், இரண்டு முதலீட்டு வங்கிகளில் நுழைந்த இளைஞர்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முதல் மூன்று ஆண்டுகளில் அவர்கள் உடலைத் தம் விருப்பப்படி ஓட்டக்கூடிய கருவியாகவே நடத்தினார்கள். உறக்கத்தை வெட்டினார்கள், நோயை ஒதுக்கினார்கள், உடலும் பெரும்பாலும் இணங்கியது. நான்காம் ஆண்டளவில் அது எதிர்க்கத் தொடங்கியது. உறக்கமின்மை, முதுகுவலி, உணவுப் பழக்கச் சீர்கேடு, போதைப் பழக்கம், கட்டுப்படுத்த முடியாத சினம் என்று அது வெளிப்பட, பலர் அதை அடக்க இன்னும் கடுமையாக முயன்று, அதனால் வேலையிலும் படைப்புத் திறனையும் தீர்ப்புத் திறனையும் இழந்தார்கள். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு பகுதியினர் உடல் சொல்வதற்குச் செவிகொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய வேலையும் பிறரை நடத்தும் முறையும் அதனால் சிறந்தன என்பது இவ்வாய்வின் மிக முக்கியமான முடிவு. இரவு உணவு, வீடு திரும்ப வண்டி, உடற்பயிற்சிக் கூடம் என்று வங்கிகள் இலவசமாகத் தரும் வசதிகள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான எல்லையை அழித்துவிடுவதையும், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இது தம் சொந்தத் தெரிவு என்று அந்த இளைஞர்கள் உறுதியாக நம்புவதையும் மிஷெல் எடுத்துக்காட்டுகிறார்.

முப்பதைத் தாண்டும் வயதில் தொழிலே வேறாகிவிடுகிறது. அதுவரை பிழையில்லாத கணக்குக்கும் தாக்குப்பிடிக்கும் திறனுக்கும் மதிப்பளித்த நிறுவனம், டைரக்டர் படியிலிருந்து வாடிக்கையாளரைக் கொண்டுவரும் ஆற்றலைக் கேட்கிறது. ஒரு நிறுவனத் தலைவர் தம் வாழ்நாளில் ஒருமுறை எடுக்கப்போகும் முடிவுக்காக அவருடன் பத்தாண்டுகள் பழகிக் காத்திருக்கும் கலை அது. பத்தாண்டுகளாக நண்பர்களின் திருமணங்களையும் குடும்ப நிகழ்வுகளையும் தவறவிட்டு, மனிதரோடு மனிதராகப் பழகும் பயிற்சியையே இழந்துவிட்ட ஒருவரிடம் திடீரென அந்தக் கலை எதிர்பார்க்கப்படுவதில் ஓர் அநீதி இருக்கிறது. அதே வயதில்தான் திருமணமும் குழந்தைகளும் வருகின்றன. பெண்கள் இந்த இடத்தில் பெருமளவில் வெளியேறுவதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. 2021இல் சிட்டிகுரூப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்று, வால் ஸ்ட்ரீட்டின் பெருவங்கி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஜேன் ஃப்ரேசர், கோல்ட்மன் சாக்ஸின் லண்டன் அலுவலகத்தில் தொடங்கியவர் என்றாலும், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த ஆண்டுகளை மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பகுதிநேரப் பணியில் கழித்தவர். அவர் உச்சிக்கு வந்த வழி இந்த ஏணியை விட்டு விலகிச் சென்றே அமைந்தது.

விட்டு விலக நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது போனஸ். மேல்படிகளில் அதன் பெரும்பகுதி பணமாகக் கையில் தரப்படாமல், சில ஆண்டுகள் கழித்தே உரிமையாகும் பங்குகளாக ஒதுக்கப்படுகிறது. இடையில் வேலையை விட்டால் பெரும்பாலும் அது பறிபோகும். எந்த ஆண்டில் விலகினாலும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் உழைப்பில் ஒரு பங்கை இழக்க வேண்டும் என்பதால், இந்தப் பொன் விலங்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுகிறது. அதை நம்பி வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளியும் வாழ்க்கைத் தரமும் அமைந்துவிடுகின்றன. லீமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி 2008 செப்டம்பர் 15 அன்று திவாலானபோது, 2007இன் தொடக்கத்தில் 80 டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு மதிப்பற்றதாகி, பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சேர்த்த ஒதுக்கீடுகளைப் பல மூத்த ஊழியர்கள் இழந்தார்கள். உச்சியில் இருப்பவரின் உடலும் சந்தைக்கு உரிய செய்தியாகிவிடுகிறது: லாயிட்ஸ் வங்கியின் தலைவர் அன்டோனியோ ஹோர்ட்டா-ஓசோரியோ 2011 நவம்பரில் உறக்கமின்மையால் களைத்து விடுப்பில் சென்றதாக அறிவிக்கப்பட்டதும் அந்த வங்கியின் பங்கு விலை சரிந்தது. லாயிட்ஸ் முதன்மையாக வைப்பு வங்கியே என்றாலும், முன்பு கோல்ட்மன் சாக்ஸிலும் பணியாற்றிய அவர் சில வாரங்களில் திரும்பி வந்து, தம் நோயை மறைக்காமல் பேசி, ஊழியர்களின் மனநலத்துக்கான ஏற்பாடுகளைத் தொடங்கியது இத்துறையில் அரிய செயல்.

இளையவர்கள் பலர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். நிறுவனங்களை வாங்கிச் சீரமைத்து விற்கும் பிரைவேட் ஈக்விட்டி நிதியங்கள், அனலிஸ்டுகள் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே, இரண்டாண்டுகளுக்குப் பின் தொடங்கவிருக்கும் வேலைக்கு அவர்களைத் தேர்ந்தெடுத்து வந்தன. இதனால் சினமடைந்த ஜே.பி. மார்கன் 2025இல், சேர்ந்த 18 மாதங்களுக்குள் வேறிடத்து வேலையை ஏற்பவர்கள் நீக்கப்படுவார்கள் என்று அறிவித்தது. வெளியேறும் ஆவலுக்கான காரணத்தை ஆராய்வதைவிடக் கதவைப் பூட்டுவது எளிதாகத் தோன்றியிருக்கிறது.

இரவு வேலையை வேறு கைகளுக்கு மாற்றும் முயற்சியும் ஒருமுறை நடந்தது, அது நடந்த இடங்களில் ஒன்று சென்னை. முன்னாள் வால் ஸ்ட்ரீட் ஊழியர்கள் இருவர் 1999இல் தொடங்கிய ஆபிஸ்டைகர் நிறுவனத்தில், நியூயார்க் உறங்கும் நேரத்தில் சென்னையின் பட்டதாரிகள் அமெரிக்க வங்கிகளுக்கான விளக்கப் பக்கங்களை வடிவமைத்தார்கள், தரவுகளைத் திரட்டினார்கள். 2006இல் அந்த நிறுவனத்தை அமெரிக்க அச்சு நிறுவனமான ஆர்.ஆர். டானலி 25 கோடி டாலரளவில் வாங்கியது. அட்டவணைகளை ஒழுங்குபடுத்தும் வேலை கடல் கடந்துபோன பிறகும் நியூயார்க் அனலிஸ்டின் வாரம் சுருங்கவில்லை. ஒரு பக்கத்தின் விலை குறைந்ததும் கேட்கப்படும் பக்கங்களின் எண்ணிக்கை கூடியது, அனுப்பியதைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இப்போது அதே இடத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வருகிறது. பங்கு வெளியீட்டுக்கு முன் ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டிய விரிவான ஆவணத்தின் 95 விழுக்காட்டை, முன்பு ஆறு பேர் இரண்டு வாரம் செய்த வேலையை, அது சில நிமிடங்களில் முடித்துவிடும் என்று கோல்ட்மன் சாக்ஸின் தலைவர் டேவிட் சாலமன் 2025இல் கூறினார். எஞ்சிய ஐந்து விழுக்காடே இனி மதிப்புடையது என்றும் சொன்னார். அந்த ஐந்து விழுக்காட்டை எழுதத் தெரிந்தவர்கள் மற்ற 95 விழுக்காட்டை இரவு பகலாக எழுதிப் பழகியே உருவானவர்கள் என்பதையும், போட்டி வங்கியிடமும் அதே கருவி இருக்கும்போது ‘காலைக்குள்’ என்று கேட்ட வாடிக்கையாளர் ‘ஒரு மணி நேரத்துக்குள்’ என்று கேட்கத் தொடங்குவார் என்பதையும் வங்கிகள் இன்றே கணக்கில் எடுக்காவிட்டால், அடுத்து வரும் அனலிஸ்டுகளின் எண்ணிக்கை குறையும். எஞ்சியிருப்பவர்களின் இரவுகள் குறையா.